நண்பனைப் பறிகொடுத்த டாக்டர்

நள்ளிரவு நேரம். பாரிஸ் பட்டணத்தில் ஒரு வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தன்னைக் கொல்ல வந்துவிட்டார்கள் என்று ஒரு வாலிபன் உரத்த குரலில் அலறினான். தெருவே கலவரப்பட்டது. கொலைகாரன் எவனும் அங்கே இல்லை. திருடனும் இல்லை.

அந்த வாலிபன் படித்தவன். 24 வயதில், வக்கீலாகிப் பெரும் புகழ் பெறவேண்டும் என்று தலைநகருக்கு வந்தவன். இரவு பகலாகப் புத்தகமும் கையுமாக இருந்தவன். அவனுக்கா இந்த நிலை?

அவனுக்கு ஒரு நண்பர் உண்டு. அவர் ஒரு டாக்டர். பெயர் பிலிப் பினேல். நண்பனைப் பிடித்த நோயை ஆரம்பத்தில் இருந்தே கூட இருந்து பார்த்தவர் அவர். எவ்வளவோ முயன்றார். காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அவர் வாழ்க்கையை வேறு வழியில் திருப்பியது. மனநோய் வைத்தியத்துக்கே பின்னால் தந்தை என்று பெயர் வாங்கினார்.

பாரிசுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவேண்டாம். 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நடுவில் சில தடவை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலத்தைத் தள்ளிவிட வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களும், பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர்களும் காரைக்காலில் எத்தனையோ பேர். சட்டமும் பள்ளிக்கூடமும் அங்கிருந்து வந்தன. பினேலின் கதை மட்டும் ஏனோ இங்கே அதிகம் வந்து சேரவில்லை.

பாதிரியார் படிப்பு

1745-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி, பிரான்சின் தென்பகுதியில் ஜோன்கியேர் என்ற சிறிய கிராமத்தில் பினேல் பிறந்தார். தகப்பனார் கிராமத்து ரண வைத்தியர். பெரிய வசதி கிடையாது. பையனைப் பாதிரியாராக்கவேண்டும் என்பது வீட்டு விருப்பம். அவரும் வேத சாஸ்திரம் படித்தார். 25 வயதில் அதை விட்டுவிட்டு வைத்தியப் படிப்புக்குப் போனார். 1773-ல் துலூஸ் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு மோன்பெலியே நகரில் மேலும் படித்தார். 1778-ல் பாரிஸ் வந்தார்.

பாரிசில் அவர் பட்டம் செல்லவில்லை! தலைநகரில் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் தலைநகரின் அனுமதி வேண்டும். வெளியூர்ப் பட்டத்துக்கு மதிப்பில்லை. அவரோ கூச்ச சுபாவம் உள்ளவர். சபையில் கணீரென்று பேச வராது. வயிற்றுப் பாட்டுக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். வைத்திய நூல்களை மொழிபெயர்த்தார். ஒரு வைத்தியப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் பட்டம் வாங்கியும் டாக்டராக முடியாமல் அலைந்த அந்தக் காலத்தில்தான் மேலே சொன்ன வாலிபன் அவருக்கு நண்பனானான்.

சின்னச் சின்ன மாறுதல்

ஜன்னலைத் திறந்து அலறிய இரவில் நோய் தொடங்கவில்லை. அது வந்து பல மாதம் ஆகிவிட்டது. எப்படி வந்தது என்பதைப் பினேல் தமது புத்தகத்தில் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியதில் எல்லாவற்றையும்விட நமக்கு உபயோகமான பகுதி அதுதான் என்பது என் எண்ணம். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தான் சாதாரண மனிதன் அல்ல, மிகப் பெரிய நிலைக்கு வரப் பிறந்தவன் என்று அந்த வாலிபன் முதலில் நினைத்தான். இளம் வயதில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை? அடுத்து, மற்றவர்களோடு பழகுவதைக் குறைத்தான். அறைக்குள்ளேயே இருந்தான். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான். மாமிசத்தை விட்டான். வயிறு காலியாக இருந்தால் மூளை கூர்மையாகும் என்பது அவன் கணக்கு.

சில மாதத்தில் தலைவலி வந்தது. மூக்கில் ரத்தம் வடிந்தது. நெஞ்சு இறுகியது. வயிறு உப்பியது.

அதன் பிறகு மனம் ஊசலாடத் தொடங்கியது. ஒரு நாள் முகமெல்லாம் மலர்ந்து ஓடிவருவான். சொல்ல முடியாத ஆனந்தம் உள்ளே பொங்குகிறது என்பான். அடுத்த நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பான். இருட்டைக் கண்டால் நடுங்குவான். தன்னைச் சாவிலிருந்து காப்பாற்றும்படி கதறுவான். பினேல் அவனைப் பட்டணத்துக்கு வெளியே வயல்காட்டுப் பக்கம் நடக்க அழைத்துப் போவார். நடந்தால் கொஞ்சம் தெளிவான். அறைக்குத் திரும்பினால் மறுபடியும் பயம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனதில் நிற்கவில்லை. எண்ணங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இனிப் படிக்கவே முடியாது என்று தெரிந்தபோது அவன் முழுதும் ஒடிந்துபோனான்.

இப்படியே போனால் ஆபத்து என்று பினேல் எச்சரித்தார். வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சினார். அவன் கேட்கவில்லை.

நாடகக் கொட்டகையில்

ஒரு நாள் மனம் ஆறுதலடையட்டும் என்று வாலிபன் நாடகம் பார்க்கப் போனான். அது எல்லோரும் பார்த்துவந்த ஒரு நாடகம். பார்த்துக்கொண்டிருந்தபோதே அவனுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. மேடையில் கேலி செய்யப்படுவது தான்தான்! தன் ரகசியங்களை நாடகக்காரர்களிடம் சொல்லிக்கொடுத்தது யார்? பினேலைத் தவிர வேறு யார்?

மறுநாள் காலையில் பினேலிடம் வந்தான். சிநேகத் துரோகம் செய்துவிட்டதாக மனம் கசந்து குற்றம் சாட்டினான். ஊர் சிரிக்கும்படி தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு நோய்க்கு எல்லையில்லை. பூங்காவில் உலாவும் பாதிரியார்கள் உண்மையான பாதிரியார்கள் அல்ல, வேஷம் போட்ட நடிகர்கள், தன் ஒவ்வொரு அசைவையும் கவனித்துத் தன் மனதில் உள்ளதைத் திருடப் பார்க்கிறார்கள் என்று நம்பினான். இரவில் ஒற்றர்கள் வந்தார்கள். திருடர்கள் வந்தார்கள். கொலைகாரர்களும் வந்தார்கள். எல்லாம் அவனுக்கு மட்டும்.

உறவினர் ஒருவர் அவனை ஒத்தேல் தியே என்ற பழைய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒரே கட்டிலில் பல நோயாளிகள் படுப்பார்கள். மனநோய்க்கு வைத்தியம் என்றால் ரத்தத்தை வெளியேற்றுவது, பேதிக்குக் கொடுப்பது, தண்ணீரில் முக்குவது. இருபது நாள் கழித்து, ஒரு துணையோடு அவனைப் பிரெனீஸ் மலைப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் ஒரு மூலையில் முடங்கினான். சோறு தண்ணீர் வேண்டாம் என்றான். ஒரு நாள், காவல் இருந்தவரை ஏமாற்றிவிட்டுச் சட்டை மட்டும் உடுத்தபடி பக்கத்துக் காட்டுக்குள் ஓடினான். வழி தவறினான். இரண்டு நாள் கழித்து, பசியால் செத்துக் கிடந்த அவனைக் கண்டெடுத்தார்கள். ஆத்மாவுக்கு அழிவில்லை என்று கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய புத்தகம் அவன் கையில் இருந்தது.

நம் வீட்டில் நடந்தால்

இதைப் படிக்கிற தாய்மார்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். நாடகக் கொட்டகைக்குப் பதிலாகச் செல்போனையும் டெலிவிஷனையும் வைத்துப் பாருங்கள். செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார், போனில் தன்னை ஒட்டுக் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டார் ஜாடை பேசுகிறார்கள் என்று இன்றைய பிள்ளை சொல்வான். வேஷம்தான் மாறியிருக்கிறது. நோய் அதேதான்.

இதை இன்றைய டாக்டர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவு என்று நாம் சொல்வது அதில் ஒரு வகை. பெரும்பாலும் பதினைந்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டும். ஆண், பெண் இருவருக்கும் வரும். ஏழை, பணக்காரன் என்று பார்க்காது. வம்சத்தில் இருந்தால் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். கஞ்சா பழக்கம் அதைத் தூண்டிவிடும். தாய் வளர்த்த விதத்தால் வருவதல்ல. செய்வினையாலும் வருவதல்ல.

வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும்? பினேலின் நண்பனுக்கு வந்ததெல்லாம் வரிசையாக வரவேண்டும் என்பதில்லை. ராத்திரி கண் விழித்துப் படிக்கிற பிள்ளையெல்லாம் நோயாளியும் இல்லை. பிள்ளை முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதே கேள்வி. கலகலப்பாக இருந்தவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். நன்றாகப் படித்த பெண்ணுக்குத் திடீரென்று பாடம் ஏறவில்லை. தூக்கம் கெட்டுப் பகல் இரவு மாறிவிடுகிறது. குளிப்பதில்லை, தலை வாருவதில்லை. தனியாகச் சிரிப்பு, தனியாகப் பேச்சு. அம்மா போட்ட சோற்றையே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பதுபோல் காதைத் திருப்புகிறார்கள். இவற்றில் சில சேர்ந்துகொண்டு, வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது.

கோட்டுச்சேரியிலோ நிரவியிலோ ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் மூன்று மாதமாக இப்படி இருக்கிறான். தகப்பனார் திமிர் என்கிறார். பாட்டி கண் பட்டது என்கிறாள். சித்தப்பா, கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கக் கிளம்புகிறார். கடைசி யோசனைதான் எல்லாவற்றிலும் கொடியது. அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் சேர்ந்து முழுகும்.

ஜோசியர் ஏழரைச் சனி என்பார். திருநள்ளாறு பக்கத்தில்தானே இருக்கிறது! நளனைப் பிடித்த சனி அங்கேதான் விலகியது என்பது நாடறிந்த கதை. சனிக்கிழமை நள தீர்த்தத்தில் முழுகி எழுகிறவர்களின் நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. கோவிலுக்குப் போங்கள். தர்காவுக்கும் மாதா கோவிலுக்கும் போகிறவர்கள் போங்கள். ஆனால் ஏழரை வருஷம் முடியட்டும் என்று பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் பின்னால் குணமாவதைக் கடினமாக்குகிறது. உலகமெங்கும் டாக்டர்கள் ஒப்புக்கொண்ட உண்மை இது.

பிசேத்ர் ஆஸ்பத்திரி

பினேலிடம் திரும்புவோம். நண்பன் போனபிறகு அவர் கவனம் முழுவதும் மனநோயின் பக்கம் திரும்பியது. பெலோம் என்பவர் பாரிசில் ஒரு தனியார் மனநோய் விடுதி நடத்திவந்தார். அங்கே சுமார் ஐந்து வருஷம் நோயாளிகளைப் பார்த்தார்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793 ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலையை வெட்டினார்கள். அதே வருஷம் பினேலுக்குப் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி என்று பெயர். உள்ளே பிச்சைக்காரர், கிழவர், குற்றவாளி எல்லோரும் இருந்தார்கள். புத்தி பேதலித்தவர்களுக்குத் தனிப் பகுதி. அதில் பலரைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். வருஷக் கணக்காக.

அங்கே அவர் ஒரு அதிசய மனிதரைக் கண்டார். பெயர் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கண்டமாலை நோய் வந்து, பிசேத்ரில் நோயாளியாகச் சேர்ந்தவர். குணமான பிறகு அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டார். படிப்படியாக உயர்ந்து, மனநோய்ப் பகுதிக்கே பொறுப்பாளரானார். பெரிய படிப்பு கிடையாது. நோயாளியை அடிக்கக்கூடாது என்று வேலையாட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். குணமான நோயாளிகளையே வேலைக்கு வைத்துக்கொண்டார். பட்டவர்களுக்குத்தானே வலி தெரியும்.

அவர் மனைவி மார்கரித்தும் லேசுப்பட்டவர் அல்ல. ஒரு நோயாளி சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடிப்பான். அந்த அம்மாள் அவன் முன் குதித்து ஆடி, ஏதாவது வேடிக்கை பேசி, அவனைச் சிரிக்க வைத்துவிடுவார். அவன் சிரித்த சமயம் பார்த்து ஊட்டிவிடுவார்.

பட்டம் பெற்ற டாக்டர் பினேல், படிக்காத புஸ்ஸேனிடம் பாடம் கேட்டார். கவுரவம் பார்க்கவில்லை. அவரோடு சுற்றி வந்து, ஒவ்வொரு நோயாளியிடமும் உட்கார்ந்து பேசினார். நோய் எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, தூக்கம் எப்படி, எதைக் கண்டு பயம் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். ரத்தம் எடுப்பதையும் பேதி மருந்தையும் வெகுவாகக் குறைத்தார்.

தையற்காரர் கதை

பிசேத்ரில் ஒரு தையற்காரர் இருந்தார். மன்னருக்கு வந்த கதியைப் பற்றிப் பலர் முன்னால் வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டார். அதற்காகத் தன்னையும் கொலைமேடைக்கு அழைத்துப் போகப்போகிறார்கள் என்று பயம் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. வேலை செய்ய முடியவில்லை.

பினேல் அவருக்கு மற்ற நோயாளிகளின் துணிகளைத் தைக்கும் வேலை கொடுத்தார். அதற்குக் கூலியும் உண்டு. தையற்காரர் தெளிந்தார். சில மாதம் கழித்து மறுபடியும் பயம். அப்போது பினேல் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். இளம் டாக்டர்கள் மூன்று பேருக்கு நீதிபதி வேஷம் போட்டார். கறுப்பு அங்கி அணிந்து அவர்கள் விசாரணை நடத்தினார்கள். குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். தையற்காரருக்கு ஒரே சந்தோஷம்! ஆனால் அது நீடிக்கவில்லை. நடந்தது வெறும் நாடகம் என்று யாரோ அவரிடம் உளறிவிட்டார்கள். பழைய நோய் முன்னைவிடப் பலமாகத் திரும்பியது. பிறகு குணமாகவில்லை.

பினேல் இந்தத் தோல்வியையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அதனால் நமக்கு ஒரு வழி தெரிகிறது. பிள்ளை ஒன்றை நம்பிவிட்டால் வாதாடி அதை மாற்ற முடியாது. ஆமாம் ஆமாம் என்று நடித்தாலும் பலிக்காது. அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கலாம். உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, நாங்கள் கூட இருக்கிறோம் என்று சொல்லலாம். பைத்தியம் என்ற சொல்லை எடுக்க வேண்டாம். தூக்கம் வரவில்லையே, தலை வலிக்கிறதே, அதற்கு டாக்டரைப் பார்ப்போம் என்று அழைத்தால் பலர் வருவார்கள். செத்துப்போவேன் என்று சொன்னால் மட்டும் ஒரு நிமிஷமும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு சேர்ந்து புத்தி தடுமாறினாலும் அப்படித்தான். அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம்.

சங்கிலியை அவிழ்த்தது யார்?

பாரிசில் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. 1876-ல் தீட்டியது. பினேல் நிற்கிறார். சங்கிலியில் கிடந்த பெண்களுக்கு அவர் முன்னால் விடுதலை கிடைக்கிறது. பார்த்தால் கண்ணில் நீர் வரும். ஆனால் சரித்திரம் வேறு.

பினேல் 1795-ல் பெண்களுக்கான சால்பேத்ரியேர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பிசேத்ரில் சங்கிலியை முதலில் கழற்றியவர் புஸ்ஸேன்தான். வருஷம் 1797. சங்கிலிக்குப் பதில், அவசியப்பட்டபோது மட்டும் கையை மடக்கிக் கட்டும் துணிச் சட்டையை உபயோகித்தார். சங்கிலி போனதும் கலகம் அதிகமாகும் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள். அமைதிதான் வந்தது.

சால்பேத்ரியேரில் தனியாகத் தவித்த பினேல், புஸ்ஸேனைத் தமக்குத் தரும்படி அரசாங்கத்திடம் விடாமல் கேட்டார். 1802-ல்தான் கிடைத்தார். பிசேத்ரில் சங்கிலியைக் கழற்றிய பெருமை புஸ்ஸேனுக்கே என்பதைப் பினேலே தமது புத்தகத்தின் 1809-ம் வருஷப் பதிப்பில் எழுதினார். பின்னால் வந்தவர்கள்தான், பினேலின் மகன் உள்பட, முழுப் பெருமையையும் பினேலுக்கே சூட்டிவிட்டார்கள்.

பினேலுக்கு உண்மையான பெருமை வேறு இருக்கிறது. 1801-ல் அவர் வெளியிட்ட மனநோய் வைத்திய நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1806-ல் ஆங்கிலத்தில் வந்தது. மனநோயாளியின் புத்தி முழுவதும் அழிந்துவிடுவதில்லை, உள்ளே ஒரு பகுதி தெளிவாகவே இருக்கிறது, அதோடு பேசவேண்டும் என்பது அதன் சாரம். நெப்போலியன் சக்கரவர்த்தி அவரை ஆலோசனை டாக்டராக வைத்துக்கொண்டார். 1822-ல் அரசியல் காரணத்தால் பேராசிரியர் பதவி பறிபோனது. 1826 அக்டோபர் 25-ந் தேதி, 81 வயதில், சால்பேத்ரியேரிலேயே காலமானார்.

ஏர்வாடித் தீ

சங்கிலி பாரிசில் கழன்று 200 வருஷம் ஆனபிறகும் நம் பக்கத்தில் கழலவில்லை. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கொட்டகையில் வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப் பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடே திடுக்கிட்டது. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. அதுபோன்ற விடுதிகள் மூடப்பட்டன. 2017-ல் வந்த மனநலச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது.

அங்கே கொண்டுபோய் விட்ட பெற்றோர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பல வருஷம் அலைந்து, பணம் கரைந்து, வேறு வழி தெரியாமல் விட்டவர்கள். முதல் வருஷத்திலேயே ஒரு டாக்டரிடம் போயிருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சங்கிலிவரை வந்திருக்கமாட்டார்கள்.

மருந்து வந்தது

பினேலின் கையில் இல்லாத ஒன்று இன்று நம் கையில் இருக்கிறது. மருந்து. அதுவும் பாரிசில் இருந்துதான் வந்தது. லபோரி என்ற கடற்படை டாக்டர், ஆபரேஷன் நோயாளிகளைச் சாந்தப்படுத்தக் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைப் பரிசோதித்தார். மனநோய்க்கும் அது உதவும் என்று அவருக்குத் தோன்றியது. 1952-ல் பாரிஸ் செயிண்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அலறியவர்கள் அமைதியானார்கள். இல்லாத குரல்கள் ஓய்ந்தன. காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ புதிய மருந்துகள் வந்துவிட்டன. முதல் தடவை நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து கேட்கும். சில வாரத்தில் மாறுதல் தெரியும். இங்கேதான் பல குடும்பங்கள் தவறு செய்கின்றன. பிள்ளை தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வந்துவிடுகிறது. எவ்வளவு காலம் என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். முதல் தடவை என்றாலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போகும். மாத்திரையால் உடம்பு பருக்கலாம், கை நடுங்கலாம், தூக்கம் அதிகமாகலாம். அதை டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். மாத்திரை மட்டும் போதாது. நடப்பது, பேச ஆள் இருப்பது, செய்ய வேலை இருப்பது எல்லாம் வேண்டும். தையற்காரர் கையில் ஊசி இருந்தவரை தெளிவாக இருந்ததை மறக்கக்கூடாது.

எங்கே போவது?

காரைக்காலில் உள்ளவர்கள் முதலில் அரசு பொது மருத்துவமனைக்குப் போகலாம். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் சுமார் 130 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிறது. சென்னைப் பக்கம் உறவு உள்ளவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உண்டு. 1794-ல் தொடங்கியது. மனச்சிதைவு உள்ளவர்களுக்காகவே டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் சென்னையில் இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது பினேல் செய்ததுபோல் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். தூக்கம் எந்த மாதத்தில் கெட்டது, பள்ளிக்கூடத்தில் எப்போது மார்க்கு குறைந்தது, என்ன சொல்லிப் பயப்படுகிறான், கஞ்சா, குடிப் பழக்கம் உண்டா, தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. கஞ்சா விஷயத்தை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். டாக்டர் போலீஸ்காரர் அல்ல.

பிள்ளை வர மறுத்தால் தாயோ தகப்பனோ மட்டும் முதலில் போய் யோசனை கேட்கலாம். வெளியே போகவே தயக்கமாக இருந்தால் வீட்டில் இருந்தபடி போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச உதவி இது. எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.